புதுவையில் அரை நாள்

சென்னையிலிருந்து கடலை இடது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு தெற்கே மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு மணி நேரம் வந்தால் புதுச்சேரி. கடற்கரைக்குப் பிரசித்தி பெற்ற ஊர் என்று கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள். ஆனால் ஒரு விஷயம் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் இந்த ஊரில் கடல் இருந்தது, கரை இருந்தது, கடற்கரை மட்டும் இல்லை! மணல் எங்கே போயிற்று, கொஞ்சம் மணல் எப்படித் திரும்பி வந்தது என்பதையெல்லாம் அரை நாளில் நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். கோயில், தோட்டம், பாரதியார் வீடு எல்லாம் போகிற வழியில்தான் இருக்கின்றன. என்ன, புறப்படலாமா?

ஒரே ஒரு நிபந்தனை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்துவிட வேண்டும். "லீவில் கூடவா?" என்று குழந்தைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்; எழுப்பி அழைத்துக்கொண்டு வாருங்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை ஏழரை மணி வரை வண்டிகளை விடுவதில்லை. ஹாரன் சத்தம் இல்லாத ஒரு தெருவைக் குழந்தைகள் இதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். சுற்றி நிற்கும் எட்டுக் கல் தூண்களும் செஞ்சிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவை என்கிறார்கள். எதிரே வங்காள விரிகுடாவிலிருந்து சூரியன் சாவகாசமாகக் கிளம்பி வருவான். பக்கத்தில் கைவீசி நடக்கிற பெரியவர்களின் பேச்சில் "மெர்சி", "போன்ழூர்" என்று பிரெஞ்சு கலந்து வந்தால் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த 'சொல்தா'க் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. பிரான்சு தேசத்துப் பென்ஷனும் பிரெஞ்சுப் பிரஜா உரிமையும் உள்ள அசல் தமிழர்கள் அவர்கள். அதோ, சாலைக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே போர் நினைவுச் சின்னம், அது முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்தவர்களுக்காக 1938-ல் திறக்கப்பட்டது. இப்போதும் ஜூலை 14-ஆம் தேதி வந்தால் அதற்கு விளக்கு அலங்காரம் நடக்கிறது. அதன் அருகில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் ஏற்றப்பட்டு 1979 வரை எரிந்தது.

இனி சமுத்திரத்தைப் பாருங்கள். இந்த இடத்துக்கு எதிரே 1866-ல் கட்டிய ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். சரக்கையும் ஆட்களையும் படகில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டுவருவார்கள். 1952-ல் அடித்த புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. பிறகு தெற்கே தள்ளி இன்னொரு பாலம் கட்டினார்கள். சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்த அந்தப் பாலமும் 2022 மார்ச்சில் நடுவே இடிந்து விழுந்தது.

இரண்டு பாலங்களைப் பற்றி இவ்வளவு சொல்வானேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அவை இரண்டும் காலூன்றி நின்றவை. கால்களுக்கு நடுவே தண்ணீரும் போகலாம், மணலும் போகலாம். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். மழைக்கால அலைகள் தெற்கே தள்ளும். வடக்கே தள்ளுகிற மாதங்கள் அதிகம். ஆகவே வருஷக் கணக்குப் பார்த்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கேயிருந்து வடக்கே யாத்திரை போய்க்கொண்டே இருக்கிறது. இன்றைக்கு உங்கள் காலடியில் இருப்பது நேற்றுக் கடலூர்ப் பக்கத்து மணல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். ஆற்று வாய்க்கு இரு புறமும் கடலுக்குள் கருங்கல் தடுப்புகள் போட்டார்கள். கால் இல்லாத கல் சுவர்! யாத்திரை வந்த மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அலைகளுக்கு இது தெரியுமா? வடக்குப் பக்கத்தில் இருந்த மணலை வழக்கம்போல எடுத்துக்கொண்டே போயின. எடுத்ததற்குப் பதில் புது மணல் வரவில்லை. தேங்கும் மணலை இயந்திரத்தால் எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்த ஏற்பாடுதான். அது மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. சில வருஷங்களுக்குள் ஊருக்கு எதிரே மணல் அடியோடு போயிற்று. சாலையைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நீங்கள் பார்க்கிற கறுப்புக் கல் வரிசை அதுதான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நகரத்தின் நடுப்பகுதி தப்பியதற்கு இந்தக் கல் அணை காரணம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லைத் திட்டுகிறவர்கள் இதையும் மறக்கக் கூடாது.

இப்போது கொஞ்சம் வடக்கே, தலைமைச் செயலகத்தின் பக்கமாக நடங்கள். அட, மணல்! சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-ல் இங்கே தண்ணீருக்கு அடியில் முக்கோண வடிவமான ஒரு பெரிய இரும்புத் தடுப்பை இறக்கினார்கள். வெளியே தெரியாது. அது அலையின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த அலை மணலை இறக்கிவிட்டுப் போகிறது. வெகு நாள் காணாமற்போன பிள்ளை வந்தாற்போல ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். குழந்தைகள் இஷ்டம்போல மணலில் விளையாடட்டும். தண்ணீரில் இறங்க மட்டும் விடாதீர்கள். புதுக் கரை பார்க்கச் சாதுவாக இருக்கும். இங்கே குளிக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் விசில் ஊதினால் மரியாதையாகக் கரையேறிவிடுங்கள்.

ஏழரை மணி அடித்து மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கியதும் ஊருக்குள் திரும்புங்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் பாரதி பூங்கா. நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம். கிரீஸ் தேசத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது போலிருக்கிறது. பெயரோ ஆயி மண்டபம்! ஆயி ஒரு தாசி. விஜயநகரத்து ராஜா கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகள் ஜொலித்த அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் ராஜாவுக்கு வந்ததே கோபம்! "இடித்துத் தள்ளு!" என்று உத்தரவாயிற்று. "நானே இடித்துவிடுகிறேன்" என்றாள் ஆயி. இடித்தாள், அந்த இடத்தில் ஜனங்களுக்காக ஒரு குளம் வெட்டினாள். பல நூறு வருஷங்களுக்குப் பிறகு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது இந்தக் கதையைக் கேட்டு மண்டபத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள். ராஜாவின் கோபம் சரித்திரமோ கட்டுக்கதையோ, ஒரு சக்கரவர்த்தி காலத்து மண்டபத்தில் ஒரு தமிழ்நாட்டு தாசியின் பெயர் நிலைத்திருக்கிறது அல்லவா?

பக்கத்தில்தான் மணக்குள விநாயகர் கோயில். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்த கோயில். மணற்குளம் என்பதுதான் மணக்குளம் ஆயிற்று என்கிறார்கள். அந்தக் காலத்தில் மணல் எவ்வளவு தூரம் ஊருக்குள் இருந்திருக்கிறது, பாருங்கள்! வாசலில் நின்று எல்லோரையும் ஆசீர்வதித்துக்கொண்டிருந்த லட்சுமி என்ற யானை 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைக்குப் போன இடத்தில் கீழே விழுந்து இறந்துபோயிற்று. அன்று கூடிய கூட்டத்தை ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

காலைப் பலகாரத்துக்கு இட்டிலி, பொங்கல் எங்கும் கிடைக்கும். பிரெஞ்சு ரொட்டி வேண்டுமென்றாலும் குறைவில்லை. முழ நீளம் இருக்கும், மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. இந்த ஊரில் பேர்போன மற்ற பானங்களைப் பற்றி ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை!

கடலோரத்துத் தெருக்களில் மஞ்சள் சுவரும் வெள்ளைப் பட்டையும் காகிதப்பூக் கொடியுமாக வீடுகள் இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் யாராவது செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீடுகள் அழகுதான். 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் ஊரையே தரைமட்டமாக்கிய பிறகு கட்டியவை இவை. தெருக்கள் மட்டும் அதற்கு முன்பே டச்சுக்காரர்கள் கோடு போட்ட சதுரங்கக் கட்டம். ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் தெருக்களுக்குப் போங்கள் என்பேன். மரத்தூண் தாழ்வாரமும் திண்ணையுமாக, வழிப்போக்கன் உட்கார்ந்து இளைப்பாறவே கட்டின மாதிரி வீடுகள். மாடியில் பிரெஞ்சு ஜன்னல், கீழே செட்டிநாட்டுத் திண்ணை என்று இரண்டு தேசமும் ஒரே சுவரில் குடித்தனம் செய்யும் வீடுகளும் உண்டு. ரங்கப்பிள்ளை வீதி என்று ஒன்று இருக்கிறது. துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீதி அது. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பில், கப்பல் வந்த செய்தியிலிருந்து ஊர் வம்பு வரை எல்லாம் இருக்கிறது.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீடு. 1908-ல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி வந்தவர் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். வாடகை பாக்கியும் வறுமையும் வேவுகாரர்களும் சூழ்ந்திருந்த அந்தப் பத்து வருஷங்களில்தான் பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் பிறந்தன. வீடு இப்போது நினைவில்லம். விடுமுறை நாளா என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். மாலை வேளைகளில் அவர் சிநேகிதர்களோடு உட்கார்ந்து பேசிய இடம் கடற்கரை மணல்தான். அந்த மணல் பரப்பைத்தான் காலையில் நாம் தேடிக்கொண்டிருந்தோம்.

மணி பதினொன்று இருக்கும். இனி ஓர் ஆட்டோ பிடியுங்கள். மீட்டர் இருக்கிறதே என்று எண்ணாமல் வாடகையை முன்பே பேசிவிடுவது உத்தமம். டிரைவரிடம், "வடக்கே வைத்திக்குப்பம், அங்கிருந்து தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும்" என்று சொல்லுங்கள். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார். பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இவை மீனவர் ஊர்கள். நகரத்துக்காரனுக்கு மணல் காற்று வாங்குகிற இடம். மீனவனுக்கு அது தொழிற்சாலை. படகைக் கரையேற்ற மணல் வேண்டும். வலையை விரித்துப் பழுது பார்க்க மணல் வேண்டும். பெண்கள் கருவாடு காய வைக்க மணல் வேண்டும். பத்து இருபது பேர் நின்று கரைவலை இழுக்கப் பாறாங்கல்லின்மேல் முடியுமா? நகரத்தைக் கல் போட்டுக் காப்பாற்றியதும் கடல் அரிப்பு இந்தக் குப்பங்களுக்கு நகர்ந்தது. இங்கும் கல் போட்டார்கள். உடனே அதற்கும் வடக்கே, புதுவை எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களில் அரிப்பு. தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டினார்கள். அவற்றின் நடுவே மணல் சேர்ந்தது. ஆனால் சின்ன முதலியார்சாவடியிலும் பொம்மையார்பாளையத்திலும் கடல் வீடுகளை எடுத்துக்கொண்டு போயிற்று. அவர்கள் "எங்களுக்கும் கல் போடுங்கள்" என்று மறியல் செய்கிறார்கள். நியாயந்தானே? போட்டால் அதற்கு அடுத்த ஊர் என்ன செய்யும் என்பதும் நியாயமான கேள்விதான்.

கரையில் ஒரு பெரியவரிடம், "முன்பெல்லாம் மணல் எது வரைக்கும் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக அவர் பதில் சொல்ல மாட்டார். கையைத் தூக்கி, தண்ணீருக்கு மேலே வெகு தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டுவார். அங்கே இப்போது அலை புரண்டுகொண்டிருக்கும். பாதி சுவரும் ஒரு நடைவாசலும் மட்டும் நிற்கிற வீடு ஏதாவது கண்ணில் பட்டால் தயவு செய்து அதன் முன்னால் செல்பி எடுக்காதீர்கள். அது யாரோ பெண் கோலம் போட்ட வாசல்.

துறைமுகத்தையும் பார்க்க ஆசைப்பட்டால், ஆட்டோவைத் தெற்கே திருப்பச் சொல்லுங்கள். தடுப்புக்குத் தென்புறம் மணல் அகலமாகக் குவிந்து கிடப்பதைக் காணலாம். வடக்கே போயிருக்க வேண்டிய மணல்! அங்கிருந்து அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடும் கிட்டத்தில்தான். ரோமாபுரியின் மதுச் சாடிகளும் மண்பாண்டங்களும் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இடம். இன்று அங்கே மாந்தோப்பும் இடிந்த சுவரும்தான் இருக்கின்றன. கண்ணுக்கு விருந்து என்று சொல்வதற்கில்லை. வெயிலும் உச்சிக்கு வந்துவிட்டிருக்கும். குழந்தைகளுக்குப் பசி எடுத்திருக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையே இல்லை. சாப்பிடாதவர்களுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சென்னைக்குப் பஸ்கள் அடிக்கடி உண்டு. வலது பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மரக்காணம் வரைக்கும் அவ்வப்போது கடல் தெரியும்.