பகைமை நம்மை நீதி தவறச் செய்யலாமா?



சென்ற வாரம் இஷா தொழுகைக்குப் பின் திருத்தணியிலுள்ள எங்கள் இல்லத்தில் உணவருந்திக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்புப் பயிலும் எங்கள் மகன், கைப்பேசியில் காஸாவின் காட்சிகளைக் கண்டு கண்கலங்கியிருந்தான். திடீரென, "அத்தா, யூதர்களை ஹிட்லர் கொன்றது சரிதானே?" என்றான். எங்களுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவனது துயரம் உண்மையானது. ஆனால் அச்சொல் எங்கள் வீட்டில் பிறந்திருக்கக் கூடாது.

கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவனுடைய ஐந்தாம் வயதில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டினோம். ஓர் ஆடிக் கிருத்திகை நாளில், காவடிக் கூட்டத்தினூடே கடைத்தெருவைக் கடக்கையில், அவன் எங்கள் கையிலிருந்து நழுவிவிட்டான். ஒரு மணி நேரம் தேடி அலைந்தோம். நகரியிலிருந்து வந்திருந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர், மலையேறுவதையும் நிறுத்திவிட்டு, தொப்பியணிந்த எங்கள் பிள்ளையை மடியில் இருத்திக் காத்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரத் தவிப்பு வாழ்நாள் முழுதும் தீராத பெற்றோரும் உண்டு என்றோம். 1938 டிசம்பர் முதல் மறு ஆண்டு போர் மூளும் வரை, நாஜிகளின் பிடியிலிருந்த நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் யூதர்கள். உடன் செல்லப் பெற்றோருக்கு அனுமதியில்லை. இரயில் நிலையத்தில் விடைகொடுத்த தாய் தந்தையரைப் பலர் மீண்டும் காணவேயில்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர்.

எங்கள் ஊரில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனுக்குப் பின், 1967இல் குடியரசுத் தலைவரானவர் டாக்டர் ஜாகிர் உசேன். 1920களில் பெர்லினில் பயின்றபோது அவருக்கு நண்பரானவர் கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இன் தொடக்கத்தில், கெர்டா டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் பணியில் சேர்ந்தார். அங்குள்ள பிள்ளைகள் அவரைத் தம் மூத்த சகோதரியாகக் கருதி 'ஆபாஜான்' என்றழைத்தனர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு அவரை ஜெர்மானியர் என்பதற்காகத் தடுப்பு முகாமில் அடைத்தது. ஜெர்மனியிலோ அவருடைய மக்கள் யூதர் என்பதற்காக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். 1943 ஏப்ரலில் அவர் புற்றுநோயால் மறைந்தார். ஜாமியாவின் கப்ருஸ்தானிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள குழந்தைகள் காப்பகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நம் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாதென அல்குர்ஆனும் (5:8) எச்சரிக்கிறது. காஸாவில் இழைக்கப்படும் அநீதியை உரத்துக் கண்டிப்போம். அதற்காக ஹிட்லரின் கொடுமையை நியாயப்படுத்துவது நமக்கு ஆகாது.

மகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "இரயிலேறிப் போன பிள்ளைகளுக்கு யார் அத்தா சோறு போட்டார்கள்?" என்று கேட்டான்.

"முன்பின் அறியாத குடும்பத்தார் பலர்" என்றோம்.

"அந்த நகரிப் பாட்டி மாதிரியா?"

"ஆம், கண்ணே."

அன்றிரவு, பெற்றோரை இழந்த காஸாவின் பிள்ளைகளுக்காக அவன் எங்களோடு கையேந்தினான். அநீதிக்கு ஆளான எவரைக் கண்டும் இரங்கும் உள்ளத்தை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.