மலையேரிப் பயணம்

மலைப்பயணத்திற்கு முதற்கண் வேண்டுவது முன்னேற்பாடு. கோடை விடுமுறையில் பேரிஜம் ஏரியைக் கண்டுவர எம் குடும்பத்தார் விரும்பினர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கும் அப்பால், காட்டினுள் அமைந்தது அவ்வேரி. கொடைக்கானல் செல்லும் வெளியூர் வண்டிகட்கு 2024 மே மாதம் முதல் மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும். பேரிஜத்துக்கோ வனத்துறையின் இசைவும் வேண்டும். இவற்றோடு கம்பளியுடை, கட்டுச்சோறு, குடிநீர், குப்பையைத் திரும்பக் கொணர ஒரு பை எனப் பட்டியல் வளர்ந்தது.

அப்போது என் பெயரன், “தாத்தா, ஜீப்பைப் பாதையினின்று இறக்கிப் புல்வெளியில் ஓட்டுவோமா?” என்று கேட்டான். இளமைக்கு இயல்பான ஆசைதான். நான் கூறினேன்: “தம்பி, விதி தடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். மலைப்புல்லும் சோலைக்காடும் மழைநீரைத் தம்முள் தேக்கிச் சிறிது சிறிதாக விடுகின்றன. சக்கரம் அழுத்திய மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது. மேலோடி மண்ணை அரிக்கும். அம்மண் ஏரியைத் தூர்க்கும். அவ்வேரி நீரையே அடிவாரத்துப் பெரியகுளத்து மக்கள் பருகுகின்றனர்.”

சற்றே எண்ணியிருந்தவன், பட்டியலின் இறுதியில் ‘நடைக்கேற்ற காலணி’ என்று தானே எழுதினான்.

மாணவர்களே, ஓரிடத்தின் அழகை நுகரச் செல்வோர், அவ்விடத்தால் வாழ்வோரையும் நினைத்தல் வேண்டும்.