ஏட்டுப் பிழையும் இடைச்செருகலும்

2002இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ கணினி விளையாட்டில் புதிதாக நுழைபவர், எலியின் உடலில் பாய்ந்த வாளும் காயம் செய்யாததைக் கண்டு திகைப்பார். அங்கே மறைவாகப் பகடை உருள்கிறது; அதன் முடிவில் பயிற்சிக்கும் களைப்புக்கும் பங்குண்டு. எல்லா வீச்சையும் பலிக்கச் செய்யும் ‘மாட்’ ஒன்றை, ரசிகர்கள் ஆக்கித் தந்திருப்பதை, அவர் உடனே நாடுவது இயல்பே. ஆயினும் ஏட்டுப் பிழையைக் களைவதும் இடைச்செருகல் புரிவதும் ஒன்றல்ல என்பதைப் பதிப்பாய்வில் பழகியோர் அறிவர். முதலில் வேண்டியது, பிழைகளை மட்டும் செப்பனிடும் ‘பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்’. தோற்றத்தை மெருகேற்றுபவை பிறகு வரட்டும். சேருமிடத்தைக் குறியிட்டுக் காட்டுபவைதாம் கேடு: பாலத்தையும் பாதைக் கிளையையும் அடையாளம் சொல்லி ஊரார் வழிகாட்டும் உலகம் அது, குறி தோன்றியதும் அவர்களின் பேச்சு வீணாகிறது. வாள் தவறுவதும் அத்தகையதே. பயிற்சி முதிர்ந்து அதே கை குறிதவறாமல் வீழ்த்தும் நாளை, அவசரத்தில் சேர்த்த மாட் முன்னதாகவே பறித்துவிடுகிறது.