நீங்கள் யாருடைய ஆள்?

பெங்களூர் ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் மெஜஸ்டிக் இரண்டாவது ஸ்டாப். காலையில் சிட்டி சிவில் கோர்ட்டுக்கு அப்படிப் போகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். மில் வேலைக்காக இந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாகப்பிரிவினை, கடை வாடகை, செக் பவுன்ஸ் என்று வருவார்கள். ஏழெட்டு வருஷமாக பாக்ஸிங் அக்ரிமென்ட்டுகளும் வருகின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, இருபது வயதுப் பையன் ஒருவன் அம்மாவையும் பாக்ஸிங் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்தான். வலது கை மூட்டில் வீக்கம் இன்னும் வடியவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் பதினாலு பக்க அக்ரிமென்ட், ஒரு வக்கீல் நோட்டீஸ், இரண்டு பில்.

"அட்வைசர் அண்ணன் சொல்லித்தான் புது புரமோட்டர்கிட்ட போனேன் வக்கீலண்ணா. இப்ப பழைய புரமோட்டர் எங்க ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் விட்டிருக்காரு. மூணு வருஷத்துக்கு வேற ரிங்ல ஏறவே கூடாதாம்."

பழைய புரமோட்டர் கெட்டவர், அட்வைசர் நல்லவர் என்று அவன் முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். நான் பில்களை எடுத்தேன். ஒன்று அட்வைசர் கமிஷனுக்குப் போட்ட பில், பர்ஸில், அதாவது சண்டைக்குக் கிடைக்கும் தொகையில், நூற்றுக்கு இருபத்தைந்து. இன்னொன்று புது புரமோட்டர் ஹோட்டலுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் பிடித்த கணக்கு. இரண்டிலும் ஜிஎஸ்டி எண் இருந்தது. ஒன்று 29 என்று தொடங்கியது, மற்றது 27 என்று, கர்நாடகமும் மகாராஷ்டிரமும். ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது இடத்திலிருந்து பத்து எழுத்துகள் பான் எண். ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பத்தும் ஒன்றே. இவனுக்காகப் பேரம் பேசியவரும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து விலை சொன்னவரும் ஒரே ஆள். மாஸ்டர் இரண்டு தாளையும் மறுபடி மறுபடி பார்த்தார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை.

இந்தத் தொழிலில் 'அட்வைசர்' என்ற வார்த்தையைக் கண்டதும் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். மேனேஜர் என்றால் பாக்ஸருக்கு அதிகம் வாங்கித் தர வேண்டியவர். புரமோட்டர் என்றால் குறைத்துக் கொடுத்தால் லாபம் பார்ப்பவர். அட்வைசர் யார் என்பதை அந்த வார்த்தை சொல்வதில்லை.

பெரிய வழக்கு ஒன்றே இந்த வார்த்தையைச் சுற்றி நடந்தது. அமெரிக்காவில் அல் ஹேமன் தன்னைப் பல பாக்ஸர்களின் அட்வைசர் என்று சொல்லிக்கொண்டார். 2015-இல் டி.வி. நேரத்தை விலைக்கு வாங்கி, 'பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ்' என்ற பெயரில் சண்டைகளை ஒளிபரப்ப வைத்தார். மேனேஜரே மறைமுகமாகப் புரமோட்டர் வேலையும் பார்க்கிறார் என்று போட்டிப் புரமோட்டரான ஆஸ்கார் டி லா ஹோயாவின் கோல்டன் பாய் நிறுவனம் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. இன்னொரு புரமோட்டரான பாப் ஆரமின் டாப் ரேங்க் 10 கோடி டாலர் கேட்டது. டாப் ரேங்க் வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்தது. கோல்டன் பாய் வழக்கில் 2017 ஜனவரியில் ஹேமன் பக்கம் தீர்ப்பானது. தொழில்போட்டிச் சட்டத்தின்படி நடந்த வழக்கு அது. சந்தையில் போட்டி கெட்டதா என்பதே அங்கே கேள்வி. பாக்ஸருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்ற கேள்வி அந்த வழக்கின் மையத்துக்கு வரவே இல்லை.

அந்தக் கேள்விக்கென்றே அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. முகமது அலியின் பெயரில் 2000-இல் வந்தது. பத்து ரவுண்டும் அதற்கு மேலும் ஆடுகிற பாக்ஸரின் மேனேஜர், புரமோட்டரிடம் கூலி வாங்கக் கூடாது. புரமோட்டருக்கும் மேனேஜர் பக்கத்தில் பங்கு இருக்கக் கூடாது. மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பாக்ஸருக்கு உண்டு.

என் மனசுக்கு நெருக்கமான தீர்ப்பு அதற்கும் முந்தியது, லண்டனில். பாக்ஸர் மைக்கேல் வாட்சன் 1987-இல் மிக்கி டஃப் என்ற மேனேஜரிடம் மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டார். பட்டம் ஜெயித்தால் இன்னொரு மூன்று வருஷம் நீட்டிக்கொள்ள மேனேஜருக்கு உரிமை. வாட்சன் 1989-இல் நைஜல் பென்னை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அந்த வெற்றியே அவரை மேலும் கட்டிப்போட்டது. டஃப் புரமோட்டரும்கூட. இப்படி இரட்டை வேடம் போடுகிறவரோடு செய்த ஒப்பந்தம் பாக்ஸரைக் கட்டுப்படுத்தாது என்று 1991-இல் நீதிபதி ஸ்காட் சொன்னார். அதே வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி கிறிஸ் யூபாங்க்கோடு ஆடிய பவுட்டில் வாட்சனின் மூளையில் அடிபட்டது. நாற்பது நாள் கோமா. பாக்ஸரின் நல்ல காலம் எவ்வளவு சின்னது என்பதற்கு எனக்கு வேறு கணக்கு வேண்டாம். மூன்று வருஷம் என்று ஷரத்தில் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

நம் ஊரில் அலி சட்டம் போல ஒன்று கிடையாது. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் சம்மேளனங்களை ஒழுங்குபடுத்த வந்ததுதான். அதனால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் பிழைக்கிறோம். அதன் 27-வது பிரிவு, தொழில் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஷரத்து செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை பர்செப்ட் நிறுவனம் இப்படி ஒரு ஷரத்தைக் காட்டிப் பிடிக்கப் பார்த்தது. ஒப்பந்தம் 2003-இல் முடிந்த பிறகும், வேறு யாரோடு சேர்வதானாலும் முதலில் எங்களிடம் வர வேண்டும் என்றது. காலம் முடிந்த பிறகு அந்தக் கயிறு செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் அறுத்தது. பாக்ஸர் விஜேந்தர் சிங்குக்கும் ஐஓஎஸ் நிறுவனத்துக்கும்கூட, அவருடைய பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு, டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2015-இல் அதே நிறுவனத்தின் மூலம்தான் அவர் புரொபஷனல் ஆனார்.

ஆனால் காலம் முடிவதற்கு முன்னால் கட்டுவது வேறு விஷயம். அங்கே நீதிமன்றம் சுலபமாகக் கைகொடுக்காது. எழுதும்போதே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். என் அக்ரிமென்ட்டில் மூன்று வரிகளை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒப்பந்தம் ஒரு வருஷம், தானாக நீளாது. பர்ஸ் நேராகப் பாக்ஸரின் பேங்க் கணக்குக்கு வரும், கமிஷன் அங்கிருந்துதான் போகும். அட்வைசரும் அவர் குடும்பமும் எந்தப் புரமோட்டரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, வாங்கினால் அன்றைக்கே ஒப்பந்தம் ரத்து. மூன்றாவது வரியை வாசித்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. போனது நல்லது என்றுதான் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையனுக்காகப் பழைய புரமோட்டரின் வக்கீலிடம் நானே போய்ப் பேசினேன். ஜிஎஸ்டி எண்களைக் காட்டியதும் அவருக்கும் புரிந்தது. பாக்கியிருந்த ஒரு பவுட்டை ஆடிக்கொடுத்தான்; நோட்டீஸ் வாபஸ் ஆனது. அட்வைசருக்குப் போன கமிஷன் மட்டும் இன்னும் திரும்பவில்லை. வழக்கு நடக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போகிறது.

பிள்ளையை ரிங்குக்கு அனுப்புகிற அப்பா அம்மாவுக்கு, மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு முடியாத பையனிடம் யாரையும் கையெழுத்து வாங்க விடாதீர்கள். அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பதினெட்டு முடிந்தவன் என்றால், பேனாவைத் தொடும் முன் அட்வைசரின் பில்லையும் புரமோட்டரின் பில்லையும் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜிஎஸ்டி எண்களை மூன்றாவது எழுத்திலிருந்து படியுங்கள்.