இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ரிமோட் கார் ஒன்று நேராக ஓடவில்லை என்றால், வீடுகளில் உடனே இரண்டு தீர்ப்புகள் எழுகின்றன. ஒன்று, ‘பொருள் மட்டம்’. மற்றொன்று, ‘பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை’. இவ்விரண்டில் எதையும் சொல்லுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த வண்டியைக் கையிலெடுத்துப் பார்ப்பது நல்லது. ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே இதனை விளக்குகிறோம்.

எங்கள் தங்கை மகனுக்குப் பத்து வயது. அவனுடைய அத்தா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். சென்ற முறை வந்தபோது, உண்மைக் காரில் பதினான்கில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார் ஒன்றை மகனுக்கு வாங்கி வந்தார். அவர் திரும்பிச் சென்ற சில வாரங்களில் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. ‘உனக்குக் கை வரலடா’ என்றனர் தெருப்பிள்ளைகள். அவன் காரை பீரோவின் மேல் ஏற்றிவிட்டான். வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில், ‘கார் எப்படி ஓடுது?’ என்று அத்தா கேட்டால், ‘நல்லா ஓடுது அத்தா’ என்பான். தொலைவில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு சிறுவன் சொன்ன அந்தச் சொல்லைக் கண்டிக்க எங்களுக்கு நா எழவில்லை. அதை அப்படியே விட்டுவைக்கவும் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், அவனையும் உடன் அமர்த்திக்கொண்டு காரைக் கீழே இறக்கினோம்.

‘வண்டி இழுக்குது’ என்பது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வண்டி எடுக்கும் ஓட்டுநர்களின் சொல். பிடியைத் தளர்த்தினால் வண்டி தானாக ஒருபுறம் ஒதுங்குவதை அவ்வாறு சொல்வர். பெரிய வண்டிக்கும் சிறிய வண்டிக்கும் காரணங்கள் ஏறத்தாழ ஒன்றே.

முதலில் தரையைப் பார்க்க வேண்டும். தெரு, சாக்கடையை நோக்கிச் சரிந்திருக்கும். மொட்டைமாடியும் மழைநீர் வடியச் சாய்வாகவே கட்டப்பட்டிருக்கும். ஆகவே கூடத்தில் ஓட்டினோம். தரைச் சரிவே காரணம் எனில், போகும்போது இடப்பக்கம் இழுத்த வண்டி, திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுக்க வேண்டும். இது இரு திசையிலும் இடப்பக்கமே இழுத்தது. குறை வண்டியில்தான் என்பது உறுதியாயிற்று. அதைக் கேட்ட மாத்திரத்தில் பையன் முகம் சற்றே தெளிந்தது.

அடுத்து, காரைக் கவிழ்த்து முன்சக்கரங்களை விரலால் சுழற்றினோம். வலது சக்கரம் தடையின்றிச் சுழன்றது. இடது சக்கரம் உடனே நின்றது. கழற்றிப் பார்த்தால், அச்சில் ஒரு நூல் சுற்றி, வைகை மணலும் சேர்ந்து இறுகியிருந்தது. எந்தப் பக்கச் சக்கரம் தேய்த்துக்கொண்டு ஓடுகிறதோ, அந்தப் பக்கமே வண்டி இழுக்கும். துடைத்துப் பூட்டியபின் இழுப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் முழுதும் தீரவில்லை.

ரிமோட்டில் ‘டிரிம்’ என்னும் சிறு திருகு உண்டு. சக்கரத்தின் நடுநிலையைச் சிறிது இடமோ வலமோ நகர்த்த உதவுவது. பையன் நாள்தோறும் திருகித் திருகி அதனை வலக்கோடிக்கே கொண்டுபோயிருந்தான். சிறு பிசகைச் சரிசெய்ய அது போதும். பெரிய குறையை அது மறைக்குமேயன்றித் தீர்க்காது. அதனை நடுவில் நிறுத்திவிட்டு மேலே தொடர்ந்தோம்.

சக்கரங்களைத் திருப்புவது ‘செர்வோ’ என்னும் சிறு மோட்டார்ப் பெட்டி. நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அதற்கு மின்துடிப்பு வருகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் நடு; 1 மில்லிநொடியை நோக்கிக் குறைந்தால் ஒருபுறம், 2 மில்லிநொடியை நோக்கிக் கூடினால் மறுபுறம். எனவே முதலில் ரிமோட்டையும் பிறகு காரையும் இயக்கி, செர்வோ தன் நடுநிலைக்கு வந்தபின் அதன் கைப்பிடியைக் கழற்றி நேராகப் பூட்ட வேண்டும். அதன் தண்டில் 25 பற்கள் இருந்தன. ஒரு பல் தவறினால் 14.4 பாகை தவறும். எங்கள் காரில் ஒரு பல் தள்ளியே பூட்டப்பட்டிருந்தது.

இறுதியாக, செர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் இரு கம்பிகள். சுவரில் மோதியதில் இடக்கம்பி வளைந்து, நீளம் குறைந்து, சக்கரத்தின் முன்முனையை வெளிப்புறம் திருப்பியிருந்தது. குறடால் நிமிர்த்தி, பள்ளிக்கூட அளவுகோலால் இரண்டையும் அளந்து சமன்படுத்தினோம். அக்கம்பிக்கு ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. நடுவில் பிடித்துத் திருகினாலே நீளும், குறுகும். அந்தத் திருகலைப் பையனிடமே விட்டோம்.

ஒன்றை மட்டும் குறையென எண்ணிவிடக் கூடாது. வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் வெளிப்புறத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும். உட்சக்கரம் சிறிய வட்டத்தில் சுற்ற வேண்டியிருப்பதே காரணம். மூனிச் நகர வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் கண்ட இந்த அமைப்புக்கு, 1818இல் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மான் காப்புரிமை பெற்றார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நேர் ஓட்டத்தில்தான் இரண்டும் இணையாக நிற்க வேண்டும்.

மஃரிப் பாங்கு ஒலிக்கும்முன் கார் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேராக ஓடியது. அந்த வெள்ளியன்று பையன் அத்தாவிடம் ‘நல்லா ஓடுது’ என்று சொல்லவில்லை. ‘இடது கம்பி வளைஞ்சிருந்துச்சு அத்தா, நான்தான் திருகினேன்’ என்றான். அதன்பின் அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

ஜமாஅத்தில் தக்பீருக்கு முன் வரிசையை நேராக்கச் சொல்கிறார் இமாம். எவரும் எவரையும் குறை கூறுவதில்லை. அவரவர் குதிகாலை ஒரு விரற்கடை நகர்த்திக்கொள்கின்றனர், வரிசை நேராகிறது. பிள்ளைகளிடமும் இந்தப் பொறுமை வேண்டும். படிப்பில், எழுத்தில், பேச்சில் ஒரு பிள்ளை ஒருபுறம் ஒதுங்கினால், ‘உனக்கு வராது’ என்னுமுன் எங்கே நூல் சுற்றியிருக்கிறது, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று அருகில் அமர்ந்து பார்ப்போம். பல வேளைகளில் நகர்த்த வேண்டியது ஒரு பல் அளவே.