காணும் உடம்பும் காணா உயிரும்

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டிற் கட்டி முடிந்தபின், அதன் நீர்ப்பரப்பினுள் மூழ்கிய ஊர்களோடு பண்ணவாடிச் சலகண்டேசுவரர் திருக்கோயிலும் மூழ்கிற்று. நீர்மட்டம் பெரிதும் தாழுங் காலத்து அக்கோயிலின் நந்தி வெளிப்பட்டுத் தோன்றும். நீர் நிறைந்துள்ள போது, கண்ணுக்குப் புலப்படாமை பற்றி நந்தி இல்லையென்பார் அப்பக்கத்தில் ஒருவரும் இலர். காணப்படாமை இல்லாமைக்கு ஏதுவாகாது என்னும் இவ்வுண்மை, மானுட உடம்பின் உள்ளிடத்தைத் துருவி ஆராய்வார்க்கும் வேண்டப்படுவதாம்.

பிணங்களை அறுத்து ஆராய்ந்த வெசாலியஸ் என்னும் மருத்துவ அறிஞர், மானுட உடம்பின் அமைப்பைப் படங்களோடு விளக்கி 1543-இல் இலத்தீன் மொழியில் ஒரு பெருநூல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்த அமெரிக்கராகிய கிறீன், ‘அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலைத் தமிழர்க்கு அளித்தார். பிணத்தை அறுத்துப் பெற்ற கல்வியில் உயிர் புலப்படாமை வியப்பன்று.

வெசாலியஸின் நூற்பெயரையே தன் பெயராகக் கொண்டு 2022-இல் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. வெரேனா பாரவெல், லூசியன் காஸ்தேங்-டெய்லர் என்னும் இருவர் பாரிசு நகரப் பகுதி மருத்துவமனைகளில் அதனை எடுத்தனர். விளக்கவுரை பகர்வார் அதில் இலர். நுண்ணிய காமிராக்கள் உடம்பினுட் புகுந்து, ஈரமும் ஒளியும் பொருந்திய உட்குழிகளைத் திரையிற் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கண்ணில் நிகழும் அறுவையும், முதுகெலும்பில் ஆணி முடுக்குதலும், வயிற்றைக் கீறி மகவை எடுத்தலும் அங்கே காணலாம்.

இங்கு உடம்பு உயிரோடு கூடியது. ஆயினும் உயிர் காமிராவில் அகப்பட்டிலது. ‘ஆதலின் உடம்பே உயிர்’ எனின், அற்றன்று. அறுவைக்குள்ளாகும் கண் திரை நிறையத் தோன்றுகின்றது. அக்கண் வழியாகக் காணும் அறிவு தோன்றிற்றில்லை. மயக்க மருந்து பெற்றாரிடத்துக் குருதி ஓடுகின்றது; நெஞ்சு துடிக்கின்றது; நோவு மட்டும் அறியப்படவில்லை. உறக்கத்தையும், ‘என் உடல்’ என்று வேறாக வைத்துக் கூறும் வழக்கையும் ஏதுவாகக் காட்டி, மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மை நிறுவியது ஈண்டு நினைக்கத்தகும். நந்தி நீர் தாழக் காட்சிப்படும். உயிரோ காண்பானாதலின், காணப்படு பொருளாய் ஒருகாலும் நில்லாது.

இனி, இத்தகைய உட்காட்சியின் பயன் அருவருப்போ எனின், அதுவுமன்று. குடரென்றும் நிணமென்றும் எண்ணி உடம்பை இகழ்தல் பலர்க்கும் எளிதாயிற்று. முன்னர் உடம்பை இழிவெனக் கருதி, பின்னர் அதனை இறைவன் உறையும் இடமென அறிந்து பேணிய நிலையைத் திருமூலர் கூறியருளினார். அப்படத்திலும் உள்ளுறுப்புக்கள் மட்டும் காட்டப்படவில்லை. நினைவு தளர்ந்த முதியோர் நடைவழியில் தள்ளாடுகின்றனர். பணிமிகுதியால் இளைத்த மருத்துவமனையோர் தம் சோர்வைப் பேசுகின்றனர். பிணவறையில் உயிர் நீங்கிய உடலுக்கும் ஆடை உடுத்தப்படுகின்றது.

அறுவைக் காட்சிகள் பலவற்றில் நோயாளர் முகந் தோன்றுவதில்லை. ஆயினும் அவ்வுடம்பு ஒவ்வொன்றும் ஓர் உயிர்க்கு உரியது. காமிரா காட்டாத அவ்வுரிமையாளனை மறவாது நோயுற்றார்க்குப் பணிசெய்தலே உடம்பின் உள்ளிடம் கண்டார் பெறும் பயனாம்.