குழல் துறந்த சொல்

அந்தோ, பீஷ்த்யலா! பொகீமிய மண்ணில் பிறந்த செக் மொழிச் சொல்லே! சீழ்க்கை ஒலியில் வேர்கொண்டு, இதழில் பொருந்தும் ஊதுகுழலுக்கு உரியதாய் இருந்தனை. இன்று உலகெங்கும் இடுப்புறையில் உறங்கும் கொலைக்கருவிக்கு ஆயினை. நின்னை எண்ணிக் கையற்று நிற்கின்றேன்.

நின்னை இரும்புக்கு ஈந்தவர் பகைவர் அல்லர், நின் கிளைஞரே. 1415 ஜூலை 6இல் யான் ஹுஸ் என்னும் அறவோரைக் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரித்தனர். சாம்பலையும் ரைன் ஆற்றில் கரைத்தனர். அத்தீ பொகீமியர் நெஞ்சில் பற்ற, 1419இல் போர் மூண்டது. ஒரு கண் இழந்தும், பின்னர் மறுகண் இழந்தும் களம் நீங்காத யான் ஷிஷ்கா, உழவர்தம் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து அரண் செய்தான். கதிரடித்த கோல் படைக்கலம் ஆயிற்று. அவ்வரணுள் உழவன் கைக்கு வந்தது புதியதொரு கருவி: ஒருபுறம் அடைத்து மரக்காம்பில் செருகிய குறு இரும்புக் குழாய், அதன் முதுகில் சிறு தீத்துளை. மருந்திட்டு, குண்டிட்டு, கனலும் திரியைத் துளையில் வைத்தான். அதிர்ந்தது குழாய், புகைந்தது களம்.

அதற்கொரு பெயர் வேண்டிற்று. உள்ளே வெறுமையும் உடலில் துளையும் கொண்ட பொருள் என அவன் இளமை முதல் அறிந்தது மேய்ச்சல் நிலத்துக் குழல் ஒன்றே. அறியாத இரும்புக்கு அறிந்த குழலின் பெயரைச் சூட்டினான். வஞ்சம் இல்லை அவனிடம். வேறு சொல் இல்லை.

1434இல் லிபானிக் களத்தில் அப்படை வீழ்ந்தது. பெயரிட்டோர் மாய்ந்தனர், பெயர் மாயவில்லை. ஜெர்மானியர் நாவேறி, பிரெஞ்சியர் நாவேறி, பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் பிஸ்டல் எனப் புகுந்தது. இத்தாலியின் பிஸ்தோயா நகரை அதன் தாய் என்பாரும் உளர். சொல்லாய்வோர் பலரும் சுட்டுவது பொகீமியாவையே.

டெல்ஃப்ட் நகரத்து மாடமே! நீ கண்டனை. 1584 ஜூலை 10இல் நெதர்லாந்தின் தலைவன் ஆரஞ்சு வில்லியம் உணவு முடித்து எழுந்து வந்தான். வறியேன் என்று நின்றவனுக்கு அவன் ஈந்த பொருளே அவனைக் கொன்ற பிஸ்டலுக்கு விலையாயிற்று. ஈந்த கை சாய்ந்தது. ஏற்ற கை சுட்டது. சுவரில் குண்டு துளைத்த குழிகள் இன்றும் உள. குழலின் துளைகள் விரலுக்குக் காத்திருப்பன. இக்குழிகளோ எவ்விரல் வைத்தும் இசையா.

நாம் வழங்கும் துப்பாக்கியும் துருக்கியர் சொல்வழி வந்ததே. அதன் முன்னோன், குருவி வீழ்த்த வாயால் ஊதிய வெறுங்குழாய் என்பர். இரு நிலத்தும் மூச்சுக்கு உரிய பெயரையே இரும்பு உண்டது.

பொகீமியாவில் கைத்துப்பாக்கியை இன்று பிஸ்தோலே என்கின்றனர். அயல்மொழிகளில் வளர்ந்து வேற்றுருவில் தாய்வீடு மீண்ட மகள் அவள். தாயோ அவ்வூரிலேயே குழலாய் இருக்கின்றாள். ஒரே நாவில் இருவரும் வாழ்கின்றனர். ஒருவரை ஒருவர் அறிந்திலர்.

இளவேனிலில் அந்நாட்டுச் சிறுவன் நீர்க்கரை மரமாகிய வில்லோவின் விரற்பருமனான கொம்பை அறுக்கின்றான். சாறூறிய பட்டையைக் கத்திப்பிடியால் மெல்லத் தட்டி, திருகி, கிழியாமல் உருவுகின்றான். ஈரம் மின்னும் வெண்தண்டைச் செதுக்கி மீண்டும் பட்டைக்குள் செருகுகின்றான். அதை அவன் பீஷ்த்யல்கா, சிறுகுழல், என்பான்.

ஊதுக, சிறுவ! இரும்பிடம் இருந்து அப்பெயரை மீட்க எமக்குக் கையில்லை. அது குடியிருக்க எஞ்சிய ஊர் நின் இதழ் ஒன்றே.